கார்டில் இல்லாத படம்

ஞாயிற்றுக்கிழமை, மதியம்

அன்புத் தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பா, அக்கா, அவள் வீட்டுக்காரர், குட்டி எல்லாரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். உடம்பைப் பற்றி மட்டும்தான் என்னால் இப்படி எழுத முடிகிறது. மனசைப் பற்றிக் கேட்டால் பதில் வேறு, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் பேசிவிட்டுப் போகலாமே, எதற்கு இத்தனை பக்கம் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்துகொள்வார், நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர் நாலு வார்த்தை சேர்ப்பார், கடைசியில் பேச்சு தண்ணீர்த் தொட்டி ஒழுகுவதில் போய் நிற்கும். அதோடு உன் குரலைக் கேட்டால் நான் சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிடுவேன். காகிதம் என்றால் குறுக்கே யாரும் பேச முடியாது.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நம் கட்டடத்து லிஃப்ட் இருபது நாளாக ஓடவில்லை. முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஊரார் லிஃப்டை எல்லாம் ஓட வைத்த மனிதர் சொந்த வீட்டுக்கு மூன்று மாடி படியேறுகிறார். கம்பெனி ஆள் பார்க்க வரும்போதெல்லாம் பின்னாலேயே போய் வாயைக் கொடுத்துவிட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வருகிறார். குட்டிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டேதான் பேசுகிறாள், ஒரு வார்த்தை புரியவில்லை. நீ அனுப்பிய போட்டோவில் கன்னம் ஒட்டிப் போயிருக்கிறது. தலைமுடியை யார் வெட்டினார்களோ அவர்களிடம் இனிமேல் போகாதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ அப்பாவுக்கு அனுப்பிய அந்த ஒரு பக்கம் வந்தது. ஆறாத புண்களுக்குக் கட்டுப் போடும் சிறப்பு நர்ஸ்கள் பதினான்கு பேருக்குத் தலைமைப் பொறுப்பு, அதற்கு நீ மனுப் போட்டிருக்கிறாய், இருபதாம் தேதி தேர்வுக் குழுவின் முன்னால் உனக்குத் தலைமை என்றால் என்ன என்று கற்றுத் தந்தவரைப் பற்றி வாசிக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். யாரைப் பற்றி எழுதியிருக்கிறாய் என்பதுதான் தெரியாது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சாப்பாட்டு மேஜையில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். எல்லாரும் என்றால் நானும் அவரும்தான். டயாலிசிஸ் பிரிவின் பொறுப்பு சிஸ்டரான என் அம்மா என்று தொடங்கியதுமே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா ஒரு நாள் விடுப்பு எடுத்தால் பிரிவே திணறும், ஒரு தலைவியின் அருமை அவர் இல்லாத நாளில்தான் தெரியும் என்று எழுதியிருந்தாய் பார், அந்த வரியை உன் அப்பா இரண்டு தடவை வாசித்தார். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். கழுவி வைத்த பாத்திரத்தையே எடுத்துப் போட்டு மறுபடி கழுவிக்கொண்டு நின்றேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். தம்பி, அந்த வரியை எடுத்துவிடு. வரியை மட்டும் இல்லை, என்னையே எடுத்துவிடு. ஏன் என்று கடைசி வரைக்கும் படித்துவிட்டு, பிறகு என்னிடம் கோபப்படு.

நீ புண்ணைப் பார்க்கிறவன், எங்கள் ஊசிக் கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் உனக்குப் புரியும். டயாலிசிஸுக்கு வருகிறவர்களின் கையில் இரண்டு ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்து, ரத்தம் வேகமாக ஓடுகிற மாதிரி வைத்திருப்பார்கள். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் இரண்டு ஊசி. சிலருக்கு ஒரே துளையில் ஒரே சாய்வில் ஒரே ஆள் தொடர்ந்து பத்துப் பன்னிரண்டு தடவை குத்தினால், கம்மல் போட்ட காது மாதிரி உள்ளே ஒரு வழி உண்டாகிவிடும். அதற்குப் பிறகு கூர் இல்லாத மொட்டை ஊசியே வலியில்லாமல் அந்த வழியில் போய்விடும். வழியைப் போட ஒரே கைதான் வேண்டும். போட்ட பிறகு யார் வேண்டுமானாலும் குத்தலாம், ஆனால் எந்த இடம், எவ்வளவு சாய்வு, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று நோயாளியின் கார்டில் கையின் படம் வரைந்து குறித்திருக்க வேண்டும். அந்த விதியைக் கொண்டுவந்ததே நான்தான். படம் வரையாத சிஸ்டர்களை வைத்துக்கொண்டு வறுத்தெடுத்தவளும் நான்தான். ஆனால் ரத்தக்குழாய் நெளிந்து வளைந்து கிடக்கிற பதினோரு கஷ்டமான கைகள் என்னுடையவை. அந்தப் பதினோரு கார்டிலும் படம் போட வேண்டிய பக்கம் காலி. நேரம் இல்லை என்று சொல்லிக்கொள்வேன். உண்மை அது இல்லை. நான் உள்ளே நுழையும்போது பதினோரு பேரும் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், "சிஸ்டர் வந்துட்டாங்க" என்று ஒரு பெருமூச்சு கேட்கும். அந்தப் பெருமூச்சுக்கு நான் அடிமையாகிப் போனேன்.

பதினோரு பேரில் ஒருவர் தையல்காரர். மார்க்கெட் தெருவில் படிக்கட்டுக்கு அடியில் கடை வைத்திருக்கிறாரே, உன் பள்ளிக்கூடத்துக் கால்சட்டை எல்லாம் வளரட்டும் வளரட்டும் என்று இரண்டு அளவு பெரிதாகத் தைத்துக் கொடுத்து உன்னை அழ வைத்தவர், அவரேதான். அவருக்கு இடது கையில் முழங்கைக்கு நாலு விரல் கீழே ஒரு வழி போட்டிருந்தேன். பிரிவிலேயே கஷ்டமான கை அது. ஊசி உள்ளே போனதும் கட்டைவிரல் பக்கமாகச் சாய்க்க வேண்டும், சாய்த்த பிறகு தாழ்த்த வேண்டும். மனிதருக்கு வாய் சும்மா இருக்காது. "நீங்களும் ஊசி, நானும் ஊசி, ஆனா நான் குத்தினா துணி கத்தாது சிஸ்டர்" என்பார். ஒரு நாள் தன் கார்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என் கடையில அளவு நோட்டு இருக்கு. நான் ஒரு வாரம் படுத்துட்டாலும் என் சம்சாரம் அதைப் பார்த்து வெட்டிடுவா. என் கைக்கு நீங்க எடுத்த அளவு எங்க சிஸ்டர் எழுதியிருக்கு?" என்று கேட்டார். நான் என் நெற்றியைத் தொட்டுக் காட்டி, எல்லாம் இங்கே இருக்கிறது என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தால் அந்த நெற்றியிலேயே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

எனக்கு அடுத்த இடத்தில் இருக்கிற இரண்டாவது சிஸ்டரை உனக்குத் தெரியும், நீ ஆமை ஆன்ட்டி என்று கூப்பிடுவாயே, அவள்தான். எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்ப்பாள், குழாயைத் தொட்டுத் தொட்டு எண்ணுவாள், மற்றவர்கள் நாலு பேரை முடிக்கிற நேரத்தில் மூன்று பேரைத்தான் முடிப்பாள். அவள் வந்த முதல் மாதமே ஆமை என்று பேர் வைத்தவள் நான். ஒன்பது வருஷமாக டாக்டரிலிருந்து தரை துடைக்கிறவர் வரைக்கும் அந்தப் பேரைச் சொல்கிறார்கள், நாற்பது வயதுப் பெண், சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் தையல்காரரின் கார்டைத் திறந்தால் காலியாக இருந்த பக்கத்தில் ஒரு படம் ஒட்டியிருந்தது. பென்சிலில் வரைந்த கை. எந்த இடம், எத்தனை விரல்கடை, எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும், எங்கே தாழ்த்த வேண்டும் எல்லாம் அம்புக்குறி போட்டு எழுதியிருந்தாள். நான் குத்தும்போது பக்கத்தில் நின்று இரண்டு மாதம் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறாள். ஓரத்தில் பொடி எழுத்தில், சிஸ்டர் இந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார், மெதுவாகப் போக வேண்டிய இடம் இதுதான் போலிருக்கிறது என்று ஒரு குறிப்பு. தம்பி, நான் மூச்சைப் பிடிக்கிறேன் என்று எனக்கே தெரியாது. அடுத்த நோயாளிக்குக் குத்தும்போது கவனித்தேன், பிடிக்கத்தான் பிடிக்கிறேன். இருபத்தெட்டு வருஷமாக எனக்கே தெரியாமல் என் கையில் இருந்ததை அவள் காகிதத்தில் இறக்கி வைத்துவிட்டாள். அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

என்ன செய்தேன் என்று எழுதவே கை கூசுகிறது. எல்லாரும் இருக்கும்போது அந்தப் படத்தைக் கார்டிலிருந்து உரித்து எடுத்தேன். "படம் வரையற கிளாஸ் வேற எங்கயாவது நடக்கும், அங்க போய்ச் சேரு. பார்த்து வரைஞ்சதெல்லாம் கைக்கு வராது. கோணமே தப்பு" என்றேன். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள், நான் சிரித்தால் சிரிக்கத்தானே வேண்டும். அவள் "சரி சிஸ்டர்" என்று மட்டும் சொன்னாள். கோணம் தப்பில்லை. ஒரு இழை கூடத் தப்பில்லை. கிழித்துப் போட மனசு வராமல் மடித்து என் மேஜை இழுப்பறையில் கையுறைப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். தப்பான படமாக இருந்தால் குப்பையில் போட்டிருப்பேனே.

அதற்குப் பிறகு சிறப்பு நர்ஸ்களுக்குத் தலைமைப் பண்பு பற்றி இரண்டு நாள் பயிற்சி நடந்தது. பல ஆஸ்பத்திரிகளிலிருந்து புற்றுநோய்ப் பிரிவு, தீக்காயப் பிரிவு, பச்சிளம் குழந்தைப் பிரிவு என்று அறுபது பேர் வந்திருந்தார்கள். என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நான் அதற்காகப் புடவை எடுத்தேன், உன்னிடம் போனில் காட்டினேன், ஞாபகம் இருக்கும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மைக்கைப் பிடித்துக்கொண்டு, நான் ஒரு நாள் லீவு போட்டால் என் பிரிவு திணறிப் போகும், இப்போதுகூடத் திணறிக்கொண்டுதான் இருக்கும் என்று சொன்னேன். அறுபது பேரும் கை தட்டினார்கள். நீ எழுதிய வரி எங்கிருந்து வந்தது என்று உனக்கே மறந்திருக்கும், அன்றைக்கு ராத்திரி, நடந்ததை எல்லாம் மறைத்துவிட்டு, நான்தான் அதை உன்னிடம் பெருமையாகச் சொன்னேன். கை தட்டலுக்குப் பிறகு கைப்பையைத் திறந்தால் போனில் நாலு அழைப்பு. நாலும் அவளிடமிருந்து. பார்த்தாயா, நான் இல்லாமல் ஆகாது என்றுதான் முதலில் தோன்றியது. டீ குடித்துவிட்டுத்தான் திருப்பிக் கூப்பிட்டேன். இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அங்கே நடந்தது இதுதான். தையல்காரருக்கு மூச்சு வாங்குகிறது, இரண்டு நாள் இடைவெளிக்குப் பிறகு வந்திருக்கிறார், தள்ளிப் போட முடியாது. அவள் மொட்டை ஊசியை வைத்துப் பார்த்திருக்கிறாள், வழி பிடிபடவில்லை. தான் வரைந்த படம் கார்டில் திரும்ப இருக்குமா என்று தேடியிருக்கிறாள். அவளுக்கு அது மனப்பாடமாகத்தான் இருக்கும், ஆனால் கோணமே தப்பு என்று நான் அத்தனை பேர் முன்னால் சொன்ன பிறகு அவள் தன் கையை எப்படி நம்புவாள். படத்தில் இருந்ததற்கு மாறாகச் சாய்த்திருக்கிறாள். போகவில்லை. எனக்கு நாலு தடவை போன். கடைசியில் டாக்டர் சொல்லி கூர் ஊசியால் வேறு இடத்தில் குத்தினார்கள், குழாயின் அந்தப் பக்கச் சுவர் கிழிந்து கை பூசணி மாதிரி வீங்கியது. சாயங்காலத்துக்குள் கையில் ரத்தம் ஓடுகிற அந்த அதிர்வு நின்றுவிட்டது. கழுத்தில் குழாய் போட்டார்கள். இடது கை இனி உதவாது என்று ஆனதும் அடுத்த வாரம் வலது கையில் புதிதாகத் தைத்தார்கள். கத்தரிக்கோல் பிடிக்கிற கை, தம்பி. பாரம் தூக்காதே, இறுக்கிப் பிடிக்காதே என்று ஆயிரம் கட்டுப்பாடு. இப்போது அவர் சம்சாரம்தான் வெட்டுகிறாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மேட்ரன் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு விசாரித்தார். கண்டிப்பான அம்மாள், ஒரே கேள்விதான் கேட்டார், "கார்டுல படம் இருந்துச்சா, இல்லையா?" நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "நேர்லயே எத்தனையோ தடவை காட்டியிருக்கேன் மேடம், பக்கத்துலயே நின்னு பார்த்தவங்கதான்" என்றேன். பொய் இல்லை பார், அவள் பார்த்தவள்தான். பூசி மெழுகுவதில் உன் அப்பாவை மிஞ்சிவிட்டேன். அவள் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு எதிராக ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று மாதம் ஊசியைத் தொடக்கூடாது, தண்ணீர் சுத்தம் செய்கிற அறையில் வேலை, சாயங்கால ஷிப்டுக்குப் பொறுப்பாகப் போகவிருந்த பேரும் ரத்து என்று அவளுக்கு உத்தரவு வந்தது. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது, மோட்டார் இரைச்சலில் காது அடைத்துவிடும். தினமும் காலையில் அந்தக் கதவைத் தாண்டித்தான் நான் போக வேண்டும். ஐந்து வாரம் செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்து போனேன். அதற்கு நடுவில்தான் உன் எழுத்து வந்தது.

நானாக ஞானம் வந்து ஒப்புக்கொண்டேன் என்று எழுத ஆசைதான், ஆனால் அப்படி நடக்கவில்லை. புதன்கிழமை தையல்காரர் படுக்கைக்குப் போய்க் கழுத்துக் கட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். கிண்டல் எல்லாம் போய்விட்டது அவரிடம். மெதுவான குரலில், "சிஸ்டர், அன்னிக்கு அந்தம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டாங்க. ஒரு பேப்பர் இருந்துச்சு, ஒரு பேப்பர் இருந்துச்சுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அந்தப் பேப்பர் கிடைச்சுதா?" என்று கேட்டார். என்னைக் குற்றம் சொல்லக் கேட்கவில்லை. தொலைந்த பொருள் கிடைத்ததா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். கட்டை ஒட்டி முடித்து, கை கழுவி, இழுப்பறையைத் திறந்து கையுறைப் பெட்டிக்கு அடியில் இருந்த காகிதத்தை எடுத்தேன். அதை அவரிடம் காட்டி, கிடைத்துவிட்டது, என்னிடம்தான் இருந்தது என்றேன். அவர் அதை வாங்கி இரண்டு நிமிஷம் பார்த்தார். உதவாமல் போன தன் இடது கையையும் பார்த்தார். "நல்லா அளவு எடுத்திருக்காங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அங்கிருந்து தண்ணீர் அறைக்குப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு மேட்ரனிடம் போனேன். காகிதத்தை மேஜையில் வைத்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். பாதியில் மேட்ரன் தண்ணீர் நீட்டினார், வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. எல்லாம் சொல்லி முடித்து அவள் பக்கம் திரும்பி மன்னிப்புக் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொள்வாள், பரவாயில்லை சிஸ்டர் என்பாள் என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் எதிர்பார்த்துத்தான் இருந்தேன் போலிருக்கிறது. அவள் மன்னிப்பைப் பற்றிப் பேசவே இல்லை. "அந்தப் படத்துல கோணம் சரியா இருந்துச்சா, தப்பா இருந்துச்சா, அதை மட்டும் சொல்லுங்க சிஸ்டர்" என்றாள். சரியாக இருந்தது, எல்லாமே சரியாக இருந்தது என்றேன். அப்போதுதான் அவள் அழுதாள். ஐந்து வாரமாக அந்த ஜன்னல் இல்லாத அறையில் அவளை அரித்துக்கொண்டிருந்தது தண்டனை இல்லை, தன் கையே தன்னை ஏமாற்றிவிட்டதோ என்ற சந்தேகம். அதையும் நான்தான் கொடுத்திருக்கிறேன்.

மேட்ரன் அன்றைக்கே முடிவு எடுத்துவிட்டார். பிரிவின் பொறுப்பு இனி அவளுக்கு. எனக்கு ஒரு மெமோ, இன்னும் விசாரணை பாக்கி இருக்கிறது. ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் இருக்கும்போது இப்படி ஆகிவிட்டதே என்று வெளியில் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் எனக்குத் தெரியும், இதுவும் குறைவுதான். மறுநாள் காலை என் இடத்தில் அவள் நின்றுகொண்டு டியூட்டி போட்டாள். என்னை எங்கே தள்ளுவாளோ என்று பயந்துகொண்டு கடைசியில் நின்றேன். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாமல் போனவள் மாதிரி இருந்தது. அவள் என் பக்கம் வந்து, "உங்க பதினோரு பேர்ல இன்னும் பத்துப் பேர் இருக்காங்க சிஸ்டர். ஒரு நாளைக்கு ஒருத்தர். நீங்க குத்துங்க, நான் வரையறேன். மூச்சைப் பிடிக்கிற இடம் வந்தா சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான். கோபத்தைக் காட்டவில்லை, அன்பையும் காட்டவில்லை, வேலையைக் காட்டினாள். மூன்று கைகள் முடிந்திருக்கின்றன. நான் குத்துகிறேன், இந்த இடம் என்கிறேன், அவள் பென்சில் நகர்கிறது. மற்ற சிஸ்டர்களும் சுற்றி நிற்கிறார்கள். நேற்று ஒருத்தி மறந்துபோய் ஆமை என்று கூப்பிட்டுவிட்டாள், என் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பேர் நான் வைத்தது, நான் வைத்தது தப்பு, இனி யாரும் சொல்ல வேண்டாம் என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். சிரித்த இடத்திலேயே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தையல்காரரின் புதுக் கை தயாராக இன்னும் ஆறு வாரம் ஆகும். முதல் ஊசியிலிருந்து அவள்தான் வழி போடுவாள். பென்சில் என் கையில் இருக்கும். அவர் என்னைப் பக்கத்தில் நிற்க விடுவாரா என்பது தெரியாது, நானாகக் கேட்கப் போவதில்லை.

அப்பாவிடம் புதன்கிழமை ராத்திரியே சொன்னேன். ரேடியோவை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டார். நாற்பது வருஷத்தில் அவர் குறுக்கே பேசாமல் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்புறம், "இதை அவனுக்கு நீயே எழுது. நான் சொன்னா பாதியை விழுங்கிட்டு உன்னை நல்லவளாக்கிடுவேன்" என்றார். அந்த மனிதரிடம் எனக்குப் பிடித்ததே இதுதான், தன் வாயைப் பற்றி அவருக்குத் தெரியும்.

இப்போது உன் விஷயம். போன மாதம் போனில் ஒன்று சொன்னாய். இடுப்பில் ஆழமான புண்ணுக்கு உறிஞ்சும் கருவி வைத்துக் கட்டுகிற வேலை அங்கே உன் ஒருத்தனுக்குத்தான் கைவந்திருக்கிறது, "நான் ரெண்டு நாள் லீவு போட்டா இங்க ஒண்ணும் ஓடாதும்மா" என்றாய். நான் பூரித்துப் போனேன், அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன், அடுத்த வீட்டு அம்மாவிடமும் சொன்னேன். இப்போது அது காதில் ஒலிக்கும்போது என் குரலாகவே கேட்கிறது. என் மூக்கையும் முன்கோபத்தையும் உனக்குக் கொடுத்தது போதாதென்று இதையும் கொடுத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. பதினான்கு பேர் உன் முகத்தைப் பார்த்து நிற்கப் போகிறார்கள். அதில் மெதுவாக வேலை செய்கிற ஒருத்தர் கட்டாயம் இருப்பார். அவர் உன்னைப் பக்கத்தில் நின்று பார்த்தால் நகர்ந்து இடம் கொடு. எழுதி வந்து நீட்டினால் வாங்கிப் படி. சரியாக இருந்தால் சரி என்று அத்தனை பேர் முன்னால் சொல், அதற்கு ஒன்றும் செலவில்லை. நான் சொல்லாமல் விட்டதற்கு ஒரு மனிதரின் கை போயிற்று.

குழுவின் முன்னால் எதை வாசிப்பது என்பது உன் இஷ்டம். அம்மாவைக் காப்பாற்ற வேண்டும் என்று எதையும் மாற்றி எழுதாதே. யாரைப் பற்றியாவது எழுதத்தான் வேண்டும் என்றால் அவளைப் பற்றி எழுது, ஆனால் அவளிடம் கேட்டுவிட்டு எழுது. இனிமேல் அவளை அக்கா என்று கூப்பிடு. உனக்கு அந்த வேலை கிடைக்க வேண்டும் என்று மனசார நினைக்கிறேன், கிடைக்காவிட்டாலும் நீ குறைந்துபோக மாட்டாய். உன் கை யாருக்கும் வலி கொடுக்காமல் இருக்கட்டும், நீ தொட்ட புண்ணெல்லாம் ஆறட்டும், நீ நீண்ட நாள் நிம்மதியாக வாழ வேண்டும். என் மேல் உனக்கு இருந்த மதிப்பு குறைந்தால் குறையட்டும், அதைப் பற்றி நான் வருத்தப்படவில்லை என்று எழுதினால் பொய். ரொம்ப வருத்தப்படுகிறேன். ஆனாலும் குறைந்த மதிப்போடு நீ என்னைக் கூப்பிட்டாலும் போனை எடுப்பேன், ஸ்பீக்கர் இல்லாமல்.

ஒன்றே ஒன்று மறக்காதே. இருபதாம் தேதிக்கு முன்னால் இரண்டு நாள் லீவு போடு. உனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு, உன்னோடு வேலை செய்கிறவர்களில் ஒருத்தரின் கையில் அந்தக் கருவியைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தூங்கு. மூன்றாம் நாள் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு எனக்கு நாலு வரி எழுது. நீ இல்லாமல் எல்லாம் நன்றாக நடந்தது என்று அதில் இருக்க வேண்டும். என் பிள்ளையைப் பற்றி அடுத்த வீட்டில் போய்ப் பெருமையடிக்க எனக்கு இனி அந்த ஒரு வரிதான் வேண்டும்.

உன் அன்பு அம்மா,
டயாலிசிஸ் பிரிவு சிஸ்டர்களில் ஒருத்தி